பிரெஞ்சு ஒயின் தேடிய பங்குனி

விருந்தினர் இல்லத்தை மேற்பார்வையிடுவது என்பது, தான் தொடாத உணவையும் தான் பருகாத பானத்தையும் பிறர் நாவிற்காகத் தேடி அலைகிற தொழில். பணி ஓய்வு பெற்ற பின்னும் யாரோ ஒருவருக்காகக் கடைவீதியில் பையோடு நிற்கின்ற அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நெடுங்காலம் விருதுநகரில் தமிழாசிரியராக இருந்தவன் நான். அயல்நாட்டுக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பிழையின்றி மறுமொழி எழுத ஓர் ஆள் வேண்டும் என்று சிவகாசிப் பட்டாசு முதலாளி ஒருவர் அழைத்ததால், தொழிற்சாலைக்கு அருகிலுள்ள அவருடைய விருந்தினர் இல்லத்தில் சேர்ந்தேன். கடிதம் எழுதுவது அங்கே மிகச் சிறிய வேலை என்பதைச் சேர்ந்த பிறகே அறிந்தேன்.

வேதக்காரருக்குத் தெரியாததா?

பங்குனி பிறந்த சமயம். கம்பி மத்தாப்பு வாங்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர், எம். புதுப்பட்டிப் பக்கத்திலுள்ள எங்கள் தொழிற்சாலையைப் பார்வையிட வருவதாக எழுதியிருந்தார். தம் ஊரில் அது வசந்த காலம் என்றும், வசந்த கால உணவோடு தம் நாட்டுச் சிவப்பு ஒயின் ஒரு கோப்பை கிடைத்தால் மகிழ்வதாகவும், விலை உயர்ந்தது வேண்டா என்றும் கடிதத்தின் இறுதியில் வேடிக்கையாகக் குறிப்பிட்டிருந்தார். முதலாளி வேடிக்கையை விட்டுவிட்டு, விலையைப் பற்றிய சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டார். இலக்கண நூல்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்கின்றன. எங்கள் ஊர் வெயில் அந்நூல்களைப் படித்ததில்லை.

அவ்வேளையில் இல்லத்தின் சமையற்காரி செல்வமணி காபி கொண்டுவந்தார். அவருடைய கணவர் முருகேசன் அதே தொழிற்சாலையில், வெடிமருந்தைக் கலக்கும் மருந்து அறையில் வேலை பார்த்தார். சித்திரை வெயிலில் அவ்வறை வெடிக்கச் சிறு உராய்வே போதும். "மொதலாளி, வெயிலு ஏறுறதுக்குள்ள அவுகள காகிதக் குழா சுத்துற பக்கம் மாத்திவிடுங்க" என்று செல்வமணி கேட்பது அது முதன்முறையன்று. "அந்த வெள்ளக்காரரு மனசு குளுந்து போகட்டும், பாப்பம்" என்று கூறிவிட்டு முதலாளி என் பக்கம் திரும்பி, மலிவான பிரெஞ்சு ஒயின் ஒரு புட்டி வாங்கி வரச் சொன்னார். நான் மதுவைத் தொட்டதில்லை என்றும், எங்கள் கிறிஸ்தவ சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்கே நான்தான் செயலாளர் என்றும் பணிவுடன் தெரிவித்தேன். அவர் சொன்னார்: "என்ன சார் நீங்க! வேதக்காரகதானே? கோயில்ல மாசாமாசம் திருவிருந்துன்னு குடிக்கத்தானே செய்றீக? ஒங்களுக்குத் தெரியாத ஒயினா!"

வழிவிட்ட வரிசை

சாத்தூரில் என்னை அறிந்தவர் குறைவு என்று எண்ணிப் பேருந்தேறினேன். நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் இருந்தது அரசு மதுக்கடை. கம்பிவலைக்குப் பின்னால் இருந்த விற்பனையாளரிடம், பிரெஞ்சு நாட்டுச் சிவப்பு ஒயின் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் தூசி படிந்த புட்டி ஒன்றைத் துடைத்து வைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தேன். மராட்டிய மண்ணில் விளைந்த திராட்சை. "இது பிரெஞ்சு நாட்டுடையது அன்று" என்றேன்.

'அன்று' என்ற சொல் காதில் விழுந்ததும், வரிசையின் நடுவில் நின்ற ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். 'அன்று', 'அல்ல' என்னும் இரண்டின் வேறுபாட்டை எழுதத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்பில் என்னால் வெளியே நிறுத்தப்பட்டவர் அவர். கையிலிருந்த பணத்தை முதுகுக்குப் பின் மறைத்துக்கொண்டு மற்றவர்களை அதட்டினார்: "ஏலே, எங்க தமிழய்யாலே! வழிய விடுங்கலே, மொதல்ல அவரு வாங்கிட்டுப் போகட்டும். பாவம், இந்த வயசுல அவருக்கு என்ன கவலையோ!"

மதுரைக் கடைக்காரரின் யோசனை

வெறுங்கையோடு திரும்பிய என்னை வாசலிலேயே எதிர்கொண்டு, "கெடச்சுதா சார்?" என்று கேட்டார் செல்வமணி. மறுநாள் மதுரைக்குச் சென்றேன். அங்குள்ள குளிரூட்டிய கடையில் பிரெஞ்சுப் புட்டிகள், நகைக்கடையின் ஆரங்களைப் போல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் விலை குறைந்ததைத் தொலைபேசியில் முதலாளிக்குச் சொன்னேன். விலையை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "வச்சிட்டு வாங்க சார்" என்றார்.

நான் எந்த ஊர் என்று கடைக்காரர் விசாரித்தார். சிவகாசியிலிருந்து வருவதாகச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்நாட்டுப் புட்டியை வாங்கி, பிரெஞ்சில் லேபிள் அச்சடித்து ஒட்டிக்கொள்ளும் வசதியைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டு மதுரைக்கு வருவானேன் என்றார். இந்த இழிவான யோசனையைச் சேர்ந்து கண்டிப்பார் என்ற நம்பிக்கையுடன் அதை முதலாளியிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. தம்முடைய அச்சகம் இருக்கும் திசையைப் பார்த்தபடி சொன்னார்: "அவுக சொன்னதுல என்ன சார் தப்பு? சீசன் இல்லாம மெசினு சும்மாதானே கெடக்கு!"

தங்கையின் கைப்பை

பொய்யான லேபிளுக்கு மெய்ப்புத் திருத்த மாட்டேன் என்று கூறிவிட்டேன். ஆனால் அதற்கு விலை கொடுக்கப்போவது நான் அல்லேன் என்பது மாலையில் தெரிந்தது. முருகேசன் வேலை முடிந்து, மனைவியை அழைத்துப்போக வந்திருந்தார். எத்தனை முறை கழுவினாலும் போகாத அலுமினியப் பொடி அவருடைய நகக்கண்களில் மின்னியது. "வெள்ளக்காரரு மனசு குளுரலைனா நம்ம காரியமும் இல்லைங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அன்றே புதுச்சேரியிலுள்ள என் தங்கை கிரேசுக்குத் தொலைபேசினேன். அவள் ஓய்வு பெற்ற செவிலி. அங்கே பிரெஞ்சு ஒயின் மலிவு. ஈஸ்டருக்கு ஊருக்கு வரும்போது ஒரு புட்டி கொண்டுவர ஒப்புக்கொண்டாள். வேற்று மாநிலத்துப் புட்டியை எல்லை கடந்து கொண்டுவருவதில் உள்ள இடையூறு எங்கள் இருவருக்கும் தெரியும்.

பேருந்திலிருந்து இறங்கியவள், வெள்ளைத் துணியில் சுற்றிய புட்டியை என் கையில் வைத்தாள். சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னார்களாம். அவள் கூறியதை அவ்வாறே தருகிறேன்: "பொய் சொல்ல வரல அண்ணே. மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளருக்குக் கொண்டுபோறேன்னு உண்மையத்தான் சொன்னேன். போலீஸ்காரரு சிரிச்சுக்கிட்டே, 'அப்ப கண்டிப்பா அவருக்குத்தான்மா, எடுத்துட்டுப் போங்க'ன்னுட்டாரு!"

கொதித்த கோப்பை

விருந்தினர் வந்த நாளில் ஊரில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் நடந்துகொண்டிருந்தது. முதலாளியின் தாயார் விரதத்துக்குக் காப்புக் கட்டியிருந்தார். இல்லமும் அவர் வீடும் ஒரே மதிற்சுவருக்குள் இருந்தமையால் இறைச்சி கூடாது, புட்டியும் கண்ணில் படக்கூடாது. ஆகவே பிரெஞ்சுக்காரருக்கு வாழையிலையில் சாம்பாரும் வெண்டைக்காய்ப் பொரியலும், எவர்சில்வர் தம்ளரில் ஒயினும் என்று முடிவாயிற்று. புட்டியைத் திறந்து, பானத்தைப் பாத்திரத்துக்கு மாற்றி வைக்கும்படி செல்வமணியிடம் சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

தம்ளர் வந்தபோது அதிலிருந்து ஆவி பறந்தது. சமையலறைக்கு விரைந்தேன். செல்வமணி மிச்சக் கருப்பட்டியை டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தார். "புளிச்ச வாட அடிச்சுது சார். கெட்டுப்போனதக் குடுத்தா அவரு கோவிச்சுக்கிடுவாருல்ல? எங்க வீட்டுக்காரரு அங்கனயே கெடக்கணுமே! அதான் கருப்பட்டி போட்டு, கிராம்பு ஏலக்காய் தட்டிப்போட்டுக் கொதிக்க வச்சேன்." அதைக் கொதிக்க வைக்கக்கூடாது என்று சொல்லும் அளவுக்கு எனக்கும் அது பற்றித் தெரியாது. இருவரும் கதவோரம் நின்று பார்த்தோம். விருந்தினர் ஒரு மிடறு பருகினார்; தம்ளரை உற்றுப் பார்த்தார்; மீண்டும் பருகினார். முதலாளி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தில் கூறியதைத் தமிழில் தருகிறேன்: "எங்கள் ஊரில் கடுங்குளிர் காலத்தில் இப்படித்தான் காய்ச்சிக் குடிப்போம். வசந்தத்தில் குடிப்பது இதுதான் முதல் முறை. சமைத்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

மாற்று ஆள்

ஆர்டர் உறுதியாயிற்று. விருந்தினரின் கார் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள், முருகேசனைக் காகிதக் குழாய்ப் பிரிவிற்கு மாற்றும்படி முதலாளி, வேலையை மேற்பார்க்கும் போர்மேனிடம் சொல்லிவிட்டார். செய்தியைச் சமையலறைக்கு நான்தான் கொண்டுசென்றேன். செல்வமணி அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மருந்து அறையில் ஓர் இடம் காலியாக இருந்தால் பிரெஞ்சு ஆர்டர் ஓடாது. அடுத்த வாரமே மல்லாங்கிணற்றிலிருந்து குருசாமி என்பவரைப் போர்மேன் அழைத்துவந்தார். மானாவாரி நிலத்தில் பருத்தி போட்டு, மழை பொய்த்ததால் நொடித்துப் போனவர். முதலாளியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் செல்ல இல்லத்துக்கு வந்தவரிடம், அந்த அறையின் இயல்பு தெரியுமா என்று நான் கேட்டேன். அவர் என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார்: "தெரியும் சார். எம்புட்டு நாளைக்குத்தான் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறது? இங்கன வெயிலடிச்சாலும் கூலி வருதுல்ல."

மல்லாங்கிணற்றில்

சித்திரையில் ஒரு முற்பகல், சமையலறைப் பாத்திரங்கள் அதிர்ந்தன. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இவ்வூரார் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, உடம்பே சொல்லிவிடும். செல்வமணி கரண்டியைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடினார். மருந்து அறை தரைமட்டமாகியிருந்தது. காகிதக் குழாய்ப் பிரிவு தொலைவில் இருந்ததால் அங்கிருந்தோர் பிழைத்தனர். குருசாமியைப் போர்வையில் சேர்த்துத் தூக்கியவர்களுள் முருகேசனும் ஒருவர். போர்மேனைக் காவல்துறை அழைத்துச் சென்றது. முதலாளி எங்கே போனார் என்பதை எவரும் சொல்லவில்லை.

துக்கம் கேட்கத் தனியே போக அஞ்சி, செல்வமணி என்னையும் அழைத்தார். முருகேசன் வர மறுத்துவிட்டார். மல்லாங்கிணற்றில் வேப்பமரத்தடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். குருசாமியின் மனைவி எங்களை யாரென்று அறியமாட்டார். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னதும், செல்வமணியின் கையைப் பற்றி அருகில் அமர்த்திக்கொண்டு கேட்டார்: "அக்கா, அவுக மொத நா வேலைக்குப் போகயில, 'யாரோ ஒரு மகராசன் எடத்த விட்டுக் குடுத்திருக்காரு, அவரு குடும்பம் நல்லா இருக்கணும்'னு சொல்லிட்டுப் போனாக. அது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

விருந்தினரின் மனம் குளிர்ந்தால் வேலையாளின் குறை தீரும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். அக்குறை தீர்வதில்லை, வேறொருவர் வீட்டுக்குக் குடிபோகிறது என்று அவ்வாக்கியத்தை இப்போது நான் திருத்தி வைத்திருக்கிறேன்.