ஒரு போலந்து இசைத்தட்டின் நேரம்

சுகந்தி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டைச் சூடாக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். புரோசார்ட்டில் இருக்கும் அவருடைய தங்கைதான் அழைத்தாள். காலையில் வேலைக்கு வெளிக்கிட முதல், குசினியிலேயே மாரடைப்பு. நான் அவர் வீட்டுக்குப் போய் ஆறு சனிக்கிழமைகள் ஆகியிருந்தன. அழுகைக்கு முதல் எனக்கு நினைவு வந்தது அதுதான்.

மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் எங்களோடு மாத்திரை அடைத்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். மரெக் என்ற போலந்துக்கார மெக்கானிக், மெசின் பழுதுபார்க்கும்போதெல்லாம் தன் ஊர்ப் பெடியங்களின் ரொக் இசைத்தட்டு ஒன்றைப் போடுவான். கிட்டார் மெல்ல மெல்ல ஏறி, கீபோர்ட் சேர்ந்து, பாடுகிறவன் வாய் திறக்கவே ஐந்து நிமிடமாகும். நடுவில் பாடலே இல்லாமல் பதினொரு நிமிடம். நாங்கள் காதைப் பொத்துவோம். அக்கா மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்பார். "பாட்டுத் தொடங்க முதல் எனக்குப் பசி வந்திடும் அக்கா" என்பேன். "இவைக்கு ஒரு அவசரமும் இல்லை பிள்ளை. அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்பார். ஓய்வுபெற்றுப் போகும்போது மரெக் அந்தத் தட்டை அவருக்கே கொடுத்துவிட்டான்.

அவசரமில்லாத எதுவும் அக்காவின் வாழ்க்கையில் இருக்கவில்லை. மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடி வீடு, மின்தூக்கி கிடையாது. பக்கவாதம் வந்தபின் கணவர் நாதன் அண்ணை அந்தப் படிகளால் இறங்கவே இல்லை. அவரிடம் மிஞ்சிய ஒரே சொல் "ஓம்". வேண்டாம் என்றால் தலையாட்டுவார். கிழமை நாட்களில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். மற்ற நேரமெல்லாம் அக்கா. "வேலையில மெசின் விடாது, வீட்டில இவரை விடேலாது" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் நான் வந்து இருக்கிறன், நீங்கள் கோயிலுக்குப் போட்டு வாங்கோ" என்றேன். அக்கா ஓம் என்றார்.

இரண்டு வருடம் போனேன். அக்கா இறங்கியதும் அண்ணை யன்னலைக் காட்டுவார். நாற்காலியை அங்கே தள்ளிவிடுவேன். பனி பார்க்கிறார் என்று நினைப்பேன். ஒருமுறை அவர் கடுமையாக இருமினார். அக்காவைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தேன். நல்ல கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துத் தலையாட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணித்தியாலம் ஆகும்போது கேத்திலைக் காட்டுவார். நான் தண்ணீர் கொதிக்கவைக்கவும், நெற்றியில் திருநீறோடு அக்கா படியேறி வரவும் சரியாக இருக்கும். இவருக்கு எப்படித் தெரிகிறது என்று வியப்பேன். அக்காவின் புண்ணியத்தில் எனக்கும் ஒரு பங்கு என்று உள்ளூரப் பெருமை வேறு.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை பால் முடிந்துவிட்டது. மூலை டெப்பனர் கடைக்கு ஓடிவிட்டு வருகிறேன் என்றேன். அண்ணை தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். பால் இல்லாத தேநீரை யார் குடிப்பது? பின்படியால் இறங்கினேன். தரிப்பிடத்தில் அக்காவின் கார், இயந்திரம் ஓடியபடி, கண்ணாடியெல்லாம் ஆவி படிந்த புகார். உள்ளே அந்தக் கிட்டார். தட்டினேன். கண்ணாடி இறங்கியது. முன்தட்டில் ஒரு திருநீற்றுப் பொட்டலம்.

"கோயில் இஞ்சையோ வந்திட்டுது?" என்றேன்.

அக்கா இசையை நிறுத்தவில்லை. "கோயிலுக்குப் போனா எல்லாரும் இவர் எப்பிடி, இவர் எப்பிடி எண்டு கேப்பினம், பிள்ளை. இந்தப் பாட்டு என்னை ஒண்டும் கேக்காது. அம்பத்திமூண்டு நிமிசம். முடிய வந்திடுவன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஐந்து நாள் நின்று வேலை செய்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவள் நான். "நீங்கள் காருக்குள்ள இருந்து பாட்டுக் கேக்கவோ நான் வாறனான்?" என்று கத்திவிட்டு அப்படியே பஸ்ஸுக்குப் போனேன். அதன்பிறகு போகவில்லை. அக்கா வரச்சொல்லிக் கேட்கவும் இல்லை. வேலையில் வழக்கம்போலக் கதைத்தார். ஒருநாள் அந்தத் தட்டின் பிரதியொன்றை என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, "ஒருக்காக் கேட்டுப் பாரும்" என்றார். அதை லொக்கருக்குள் எறிந்தேன். அந்த ஆறு சனிக்கிழமையும் அவர் வீட்டை விட்டு இறங்கவில்லை என்று தங்கை செத்தவீட்டில் சொன்னாள்.

போன சனிக்கிழமை, லொக்கருக்குள் கிடந்த தட்டையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணையோடு நின்ற தங்கை கடைக்குப் போக, அண்ணை யன்னலைக் காட்டினார். தள்ளிக்கொண்டு போனேன். இரண்டு வருடத்தில் முதல்முறையாக நானும் குனிந்து, அவர் உயரத்திலிருந்து பார்த்தேன். நேர் கீழே, பனி மூடிய அக்காவின் கார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"முதலில இருந்தோ?"

"ஓம்."

அவரும் நான்கு சுவருக்குள் அகப்பட்டவர்தான். இருந்தும் அக்காவின் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு மேலே இருந்து காவல் இருந்திருக்கிறார். சும்மா வந்து குந்தியிருந்த நான்தான் அதைப் பறித்தேன். மன்னிப்புக் கேட்க அக்கா இல்லை. என்னிடம் இருப்பது அந்தத் தட்டு மட்டும். அதை அங்கிருந்த ரேடியோவில் போட்டேன். வாய் திறக்க ஐந்து நிமிடம் எடுக்கிறவனை, முதல்முறையாகப் பொறுமையாகக் கேட்டேன். அண்ணை காரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைசிப் பாட்டு அடங்கியது. அவர் கையைத் தூக்கிக் கேத்திலைக் காட்டினார். எழுந்து போய்த் தண்ணீர் வைத்தேன்.