பூட்டு போட்டியா, மச்சான்?

இது எனக்கு நடந்தது. பூட்டு இப்போதும் என் பையில்தான் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் கையில் வாங்கிப் பார்க்கலாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வேலையைப் பற்றி ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி நடுங்கினேன் என்று உங்களுக்குப் புரியாது. லிஃப்டில் கை வைப்பதற்கு முன் மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தச் சுவிட்சில் பூட்டு மாட்டத் துளைகள் இருக்கும். எத்தனை பேர் வேலை செய்கிறோமோ அத்தனை பூட்டு. அவரவர் பூட்டு, அவரவர் சாவி. ஒருவன் வேலையை முடித்துத் தன் பூட்டைக் கழற்றினாலும், இன்னொருவன் பூட்டு தொங்கும்வரை மின்சாரம் வராது. அழகான ஏற்பாடு. ஒரே நிபந்தனை, அடுத்தவனுக்காக யாரும் பூட்டு போடக் கூடாது.

என் தங்கையின் கணவன்தான் எனக்கு ஜோடி. அவன் தன் பூட்டுக்குத் தங்கையின் நகப்பூச்சைத் தடவி ரோஸ் கலராக்கி வைத்திருந்தான்.

"என்ன மாப்ள, பூட்டுக்குக் கல்யாணமா?" என்பேன்.

"உன் தங்கச்சி கை பட்டது மச்சான். தொலையவே தொலையாது" என்பான்.

இரண்டு பேருமே குடிகாரர்கள். ஒரே நாளில் சாமி முன்னால் சத்தியம் செய்தோம். அவன் குடியை விட்டான். நான் பொறுப்பைச் சாமியிடம் விட்டேன்.

"உனக்கும் சேத்துதான் தினம் கும்பிடுறேன் மச்சான்" என்றான் ஒருநாள். "ஆனா உன் பூட்ட நீதான் போடணும்."

அவன் ஈரல் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. அதன்பின் ஒரு சொட்டுகூடத் தொடாமல் செத்துப்போனான். அடக்கத்துக்கு நான் போகவில்லை. எங்கே விழுந்து கிடந்தேன் என்று கேட்காதீர்கள்.

சில மாதம் கழித்து ஒரு மழைநாள். சாயங்காலம் ஆறு மணி. ஏழு மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் இறங்கும்போது ஏதோ சத்தம் வருகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"என்னண்ணே, வாசனை உங்களுக்கு முன்னாடியே வந்துடுச்சு?" என்றார் வாட்ச்மேன்.

சிரித்து மழுப்பினேன்.

ஏழு மாடி ஏற உடம்பு வணங்கவில்லை. "சாமி, நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, நேரே லிஃப்டின் அடிக்குழிக்குள் இறங்கினேன். குழிக்குள்ளும் லிஃப்டை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அழுத்தினேனா... இன்றுவரை நினைவில்லை. யாராவது தவறி விழுந்துவிடப் போகிறார்களே என்று கதவையும் சாத்திக்கொண்டேன். அதுதான் பெரிய தப்பு. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓடாது. சாத்தினால் ஓடும்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, குழியின் அடியில் லிஃப்டைத் தாங்கும் ஸ்பிரிங்கைத் துடைத்தேன்.

நகப்பூச்சு வாசனை.

இந்த எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் எப்படி...

ம்ம்ம்ம்ம்...

மேலே மோட்டார் முனகியது. நிமிர்ந்தேன்.

லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.

"பூட்டு போட்டியா, மச்சான்?"

மோட்டார் அறையிலிருந்து. ஏழு மாடிக்கு மேலிருந்து. ஆனால் காதோரம் கேட்டது.

அவன் உயிரோடிருந்தபோது தினமும் கேட்ட இந்தக் கேள்விக்கு எத்தனையோ தடவை பொய் சொல்லியிருக்கிறேன். இப்போது பொய் வரவில்லை.

இறங்குகிறது...

"போட்டியா?"

"இல்ல மாப்ள... போடல."

கிளிக்.

நின்றது. என் தலைக்கு மேல் ஒரு முழம்.

கதவைத் தள்ளி, கிடைத்த இடுக்கில் ஊர்ந்து வெளியே வந்தேன். வாட்ச்மேனை இழுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மோட்டார் அறை வெளியே பூட்டியிருந்தது. அவர்தான் திறந்தார்.

சுவிட்ச் அணைந்திருந்தது. அதில் ரோஸ் கலர் பூட்டு தொங்கியது.

"நீங்க போட்டதுதானேண்ணே?"

என் பூட்டு பையில் இருந்தது. பக்கத்திலேயே பாட்டில், பாதி மிச்சம். மொட்டைமாடிக்கு எடுத்துப்போய்ச் சாய்த்தேன். மழைத்தண்ணீரோடு ஓடிற்று. யாரும் என் கையைப் பிடித்துக் கவிழ்க்கவில்லை. நானேதான். அப்புறம்தான் கும்பிட்டேன். அதற்குப் பிறகு குடிக்கவில்லை.

மறுநாள் காலை, நான் கூப்பிட்டதால் தங்கை அந்த மோட்டார் அறைக்கே வந்தாள். அவள் சாவிக்கொத்தில் அவன் சாவி இன்னும் இருந்தது. வாங்கி நுழைத்துத் திருப்பினேன். திறந்தது. சாவித்துளையிலிருந்து ஈரமண் உதிர்ந்தது.

"இத யார்கிட்ட குடுத்து வெச்சிருந்த?" என்று கேட்டேன்.

அவள் பூட்டைத் தொடவில்லை.

"யார்கிட்டயும் குடுக்கலண்ணா. மண்ணு போடறதுக்கு முன்னாடி, அவரு கைக்குள்ள நாந்தான் வெச்சு மூடினேன்."

சாவிக்கொத்தைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்... நீதான் அன்னிக்குக் குழிகிட்ட வரலியே."