புதிய பதிப்பில் வெட்டப்பட்டிருந்த பக்கம்

"புதிய பதிப்பு வருகிறது" என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

இன்று காலை ஒரு நண்பர் அப்படி ஒரு செய்தியைப் பகிர்ந்திருந்தார். கீழே ஒரே சண்டை. விதிகளை மாற்றிவிட்டார்களாம், விளையாட்டையே கெடுத்துவிட்டார்களாம்.

எனக்குக் கேரள எல்லையில் இருக்கும் பாறசாலை நினைவுக்கு வந்தது, தொண்ணூறுகளின் பாறசாலை.

அப்போது அங்கே ஒரு பாரலல் காலேஜில், அதாவது தனியார் டுடோரியலில், காமர்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியம் வகுப்பு கிடையாது. இரண்டு டெஸ்க்குகளைச் சேர்த்துப் போட்டு நாங்கள் நான்கு பேர் ஒரு விளையாட்டு விளையாடுவோம்.

ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். வாளை வீசினால் பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். மற்றதையெல்லாம் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் சொல்லும்.

கதை சொல்பவர், அங்கேயே கணக்குப் பாடம் எடுக்கும் விஜயன் சார். வாள்வீரன், அம்பூரியிலிருந்து பஸ் பிடித்து வரும் ரப்பர் ஷீட் வியாபாரி பிரதீப். வைத்தியச்சி, கீழே எஸ்.டி.டி. பூத்தில் இருக்கும் மெர்லின். நான் திருடி. (வாரம் முழுக்க டெபிட் கிரெடிட் சொல்லிக்கொடுத்த களைப்பு.)

புத்தகம் மெர்லின் வீட்டு உபயம். அவளுடைய அண்ணனுக்குக் கப்பலில் வேலை. ஏதோ துறைமுகத்தில் வாங்கி அனுப்பியிருந்தான்.

ஒரு நாள் அவன் பூத்துக்குப் போன் செய்தான். அந்தப் புத்தகத்துக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், வாங்கிவிட்டானாம்.

பிரதீப் முகத்தைச் சுளித்தான்.

"பழசுக்கு என்ன கேடு? இப்பம்தான் ஒரு மாதிரி படிச்செடுத்தது. இது புஸ்தகம் விக்கதுக்குள்ள வேலையாக்கும் சாரே."

விஜயன் சாருக்கும் நம்பிக்கை இல்லை. "நல்லா ஓடுத வண்டிய எதுக்கு அழிச்சுப் புதுசாப் பணியணும்?" என்றார்.

அடுத்த ஞாயிறு பிரதீப்பின் வாள்வீரன் ஒரு குகையில் செத்துப்போனான். வைத்தியச்சி அப்போது என் காயத்துக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தாள். அவனிடம் வந்து சேர முடியவில்லை.

"நீ வேணும்னே வரல்ல, இல்லியா?" என்றான் பிரதீப்.

"ரெண்டு பேரையும் ஒரே நேரம் நோக்க முடியுமா பிரதீப்பண்ணா?" என்றாள் மெர்லின்.

பழைய புத்தகப்படி செத்தவன் செத்தவன்தான். ஆனால் மெர்லினின் அண்ணன் மறுபடி போன் செய்தபோது ஒன்று சொன்னான். புதிய பதிப்பில் செத்தவர்களை எழுப்ப வழி இருக்கிறதாம்.

அதன்பின் பிரதீப்பைப் போல ஒரு புதிய பதிப்பு ஆதரவாளர் கேரளத்திலேயே கிடையாது. "காலத்துக்கு ஒத்து மாறணுமில்லியா டீச்சரே" என்று எனக்கே பாடம் எடுத்தான்.

லீவில் ஊருக்கு வந்த ஒரு கப்பல்காரர் மூலம் புத்தகம் மெர்லின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மெர்லின் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்தாள். விஜயன் சார் பொருளடக்கம் பார்த்து, செத்தவர்களை எழுப்பும் பக்கத்தைத் தேடினார்.

அந்தப் பக்கம் இல்லை. புத்தகத்தின் முதுகை ஒட்டி நேராக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது.

"எலே, இது ஆரு செய்தது?" என்றான் பிரதீப்.

மெர்லின் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "புஸ்தகம் இப்படித்தான் உண்டு. வேணும்னா விளையாடுங்க."

"எனக்க ஆளு எழும்பக் கூடாது. அதுக்குத்தானே?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

"அவ அப்படிச் செய்யமாட்டா" என்றார் விஜயன் சார்.

"பின்ன ஆரு செய்தது? கப்பலா?"

என்ன நினைப்பதென்று எனக்கும் தெரியவில்லை. வெட்டியது அவளில்லை என்றால், இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அடுத்த ஞாயிறு மெர்லின் வரவில்லை. வைத்தியச்சி இல்லாமல் என்ன விளையாட்டு? மூன்று பேரும் பஸ் ஏறி, கடற்கரையில் அவள் வீடு இருக்கும் பொழியூருக்குப் போனோம். (பிரதீப் வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.)

முற்றத்தில் அவளுடைய அம்மா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களை ஒவ்வொருவராக ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களாக்கும் அந்தக் கூட்டம்? செத்தவன எழுப்பதுக்குப் படிக்குத கூட்டம்?"

விஜயன் சார் விளக்க வாயெடுத்தார். அம்மா விடவில்லை.

"கத்திரி வச்சு வெட்டினது நானாக்கும். அடுப்பில போட்டேன்."

மெர்லின் வாசலுக்கு ஓடிவந்தாள். "அம்மச்சி, போதும். உள்ள வா."

"நான் பறையட்டு மக்கா." அம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "அந்தப் பக்கத்தில, ஒரு ஆம்பள கடல்வெள்ளத்தில இருந்து எழும்பி வாற படம். இது என்னன்னு இவகிட்ட கேட்டேன். செத்தவங்கள எழுப்புதது, விளையாட்டுக்குன்னு சொல்லுதா. இவளுக்க அப்பன் கடலுக்குப் போயி வரல்ல. சவம்கூட கிட்டல்ல. கதவு தட்டுத சத்தம் கேட்டா நான் இப்பளும் ஓடிப்போய்ப் பாக்குதவ. எனக்க வீட்டில அந்தப் படம் வேண்டாம்."

அப்பாவைப் பற்றிக் கேட்டால் "கடல்ல" என்றுதான் மெர்லின் சொல்வாள். மீன் பிடிக்கப் போயிருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

பிரதீப் அப்படியே மணலில் உட்கார்ந்தான்.

"மெர்லினே, நான் அன்னைக்குப் பறஞ்சது தப்பு" என்றான். பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்மச்சி, எனக்க ஆளு செத்தது செத்ததுதான். எழுப்பண்டாம். நான் புது ஆள் ஒண்ணு உண்டாக்கிக்கிடுதேன்."

அம்மாவுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. "அவனும் சாவானா?"

"நல்லா நோக்கினா சாவமாட்டான்."

"ஆரு நோக்கணும்?"

பிரதீப் மெர்லினைக் காட்டினான்.

"முன்னால ஓடாம நில்லுங்க, பின்ன நோக்குதேன்" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வாற ஞாயிற்றாழ்ச்ச இங்க வச்சு விளையாடுங்க. நான் பாக்கணும்" என்றார். அழைப்பா விசாரணையா என்று எங்களுக்குப் புரியவில்லை. போனோம்.

அந்தப் பதிப்பைத்தான் பல வருடம் விளையாடினோம், ஒரு பக்கம் குறைவாகவே. முழுப் புத்தகம் வேண்டுமென்று எங்களில் யாரும் கப்பலுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

உங்கள் குழுவில் அப்படி ஒரு விதியை வேண்டாம் என்று விட்டுவிட்டு விளையாடியது உண்டா?