பால் பவுடருக்குள் வந்த கிராபிக்ஸ் கார்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மரம் முளைக்காது.

மலைப்பாதையில் கார் ஓட்டுகிற விளையாட்டு அது. ஊரில் மற்றவர்கள் வீட்டில் பாதையின் இரண்டு பக்கமும் மரம் அடர்ந்து நிற்கும், மழை பெய்யும், கார்க் கண்ணாடியில் தண்ணீர் வழியும். எங்கள் வீட்டில் மரம் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் வெள்ளைப் பலகைதான் நிற்கும், கபுர்ஸ்தானில் புதைகுழியின் தலைமாட்டில் மீசான் கல் நட்ட மாதிரி. வளைவு வந்தால் ரோடே காணாமல் போய்விடும். கார் ஆகாயத்தில் ஓடும். சத்தம் அதைவிட மோசம். தொண்டையில் முள் சிக்கிய ஆடு கத்துகிற மாதிரி விட்டு விட்டு ஒரு இழுவை, அப்புறம் மௌனம், மறுபடியும் இழுவை.

தென்காசியில் ஒரு பிரௌசிங் சென்டரை மூடியபோது சவூதியிலிருந்து போனிலேயே பேசி வாப்பா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. படிப்புக்கு என்று பெயர். அப்போது நான் ஏழாம் வகுப்பு. படிப்பு எந்த மூலையில் இருந்தது என்று கம்ப்யூட்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் தொல்லை தாங்காமல் உம்மா அதை ஆட்டோவில் ஏற்றிப் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்கார அண்ணாச்சி மூடியைக் கழற்றி உள்ளே ஊதினார். கிளம்பிய தூசியில் நாங்கள் மூன்று பேரும் தும்மினோம்.

"கழுதைக்கு வாக்கப்பட்டு ஒதைக்குப் பயந்தா முடியுமாம்மா? பழசுன்னா இப்படித்தான் இருக்கும்" என்றார். "மெமரி கூட்டணும். பவர் சப்ளை பெருசாப் போடணும். சத்தம் குடுக்குற சில்லு சாரல் ஈரத்துல செத்துப்போச்சு, அதுக்குத் தனியா ஒரு கார்டு. இதெல்லாம் நான் போட்டுருதேன். படத்துக்குத்தான் கிராபிக்ஸ் கார்டு வேணும். அது இங்கன வெல ஜாஸ்தி. ஒங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுலதான இருக்காரு? அங்கன சல்லிசாக் கெடைக்கும்."

முதல் மூன்றையும் அவர் மாட்டிக் கொடுத்தார். அதனால் எங்கள் வீட்டில் படத்துக்கு முந்திச் சத்தம் வந்துவிட்டது. டயர் சரளையில் உரசுகிற சத்தம், மழை, தூரத்து இடி, எல்லாம் சுத்தமாகக் கேட்டன. திரையில் மட்டும் அதே மீசான் கற்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கார் ஓட்டினேன். கண்ணைத் திறந்து ஓட்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

வாப்பா கார்டு வாங்கிவிட்டதாகச் சொன்னார். குத்தாலச் சீசனுக்கு மாமா லீவில் வருகிறார், அவர் பெட்டியில் வரும் என்றார்.

இந்த மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாப்பாவின் அக்கா புருஷன். வாப்பாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தவர். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் முடியாது. சோற்றுக்கு ஊற்றுகிற ஆணத்தில் உப்பு கூடிவிட்டாலும், மாமா விசா எடுத்துக் கொடுத்ததால்தானே உப்பாவது வாங்க முடிகிறது என்று போய் நிற்கும். அங்கே முதலாளிக்கு வலது கை அவர்தான். வாப்பா அங்கே தங்குவதற்கான இக்காமா அந்த வருஷம் முடிய இருந்தது. மாமா லீவு முடிந்து போய் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொன்னால்தான் அது புதுப்பிக்கப்படும். இதையெல்லாம் உம்மா அடுத்த வீட்டு லாத்தாவிடம் குசுகுசுவென்று சொல்லும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். காதில் விழுந்தது. அதற்கு மேல் போகவில்லை.

மாமா கரண்ட் சாமான் எதையும் பெட்டியில் ஏற்ற மாட்டார். "கஸ்டம்ஸ்ல நானா போயி நிக்க?" என்பார். அதனால் வாப்பா ஒரு காரியம் செய்தார். பெரிய பால் பவுடர் டின் ஒன்றைத் திறந்து, கார்டைப் பாலிதீனில் சுற்றி, பவுடருக்குள் புதைத்து, மூடி, அடையாளத்துக்குச் சிவப்பு டேப் ஒட்டி, மாமாவிடம் கொடுத்துவிட்டார். "செவப்பு டேப் ஒட்டுன டின்னை நைசா எடுத்துக்கோ, யாருட்டயும் மூச்சு விடாத" என்று உம்மாவுக்குப் போனில் உத்தரவு.

மாமி வீடு குத்தாலம் போகிற வழியில். மாடியைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். பெட்டி பிரிக்கிற அன்றைக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டோம். பெட்டி பிரிக்கும்போது கேட்டு வாங்குவது எங்கள் பக்கம் மானக்கேடு. கையில் வைத்ததை வாங்கி, மோந்து பார்த்து, "மாஷா அல்லாஹ்" சொல்லிவிட்டு உட்கார வேண்டும். சோப்பு வந்தது, தைலம் வந்தது, பிள்ளைகளுக்குச் சாக்லேட் வந்தது. கடைசியாகப் பால் டின்கள் வெளியே வந்தன.

எல்லா டின்னிலும் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது.

மாமா அப்படிப்பட்ட கவனக்காரர். வாப்பா கொடுத்த டின்னில் டேப் இருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனைதான், வழியில தொறந்து கொட்டாது" என்று தானும் ஒரு சிவப்பு டேப் வாங்கி, தன்னுடைய டின் எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட்டார். இதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நோன்பு திறக்கிற நேரத்தில் கஞ்சிப் பானையைக் கவிழ்த்தவள் மாதிரி இருந்தாள். மாமி ஒரு டின்னை எடுத்து அவள் மடியில் வைத்தாள். உம்மா "மாஷா அல்லாஹ்" சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் டின்னுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். பவுடர்தான். பேப்பரை விரித்து முழுசாகக் கொட்டினேன். மறுபடியும் பவுடர்தான். தலைமுடி, புருவம், பாவாடை, எல்லாம் வெள்ளை. உம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அடி விழுந்த இடத்திலிருந்தும் பவுடர் பறந்தது.

"ஒங்க வாப்பா மறந்திருப்பாங்கட்டி" என்றாள்.

எனக்கு அது போதும். டின் மாறியிருக்கும் என்று தோன்றவே இல்லை. வாப்பா பொய் சொல்லிவிட்டார். வாங்கவே இல்லை. ஆம்பளப் பிள்ளையாக இருந்தால் வாங்கியிருப்பார். அடுத்த தடவை அவர் போன் பண்ணியபோது நான் பேசவில்லை. அனுப்பினேன், அல்லா மேல ஆணையா அனுப்பினேன் என்று அவர் உம்மாவிடம் சொல்வது எனக்குக் கேட்டது. உம்மா சுவரைப் பார்த்தாள். கார்டு எந்த வீட்டு டின்னுக்குள் கிடக்கிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்தது அண்ணாச்சி கடையில். ஸ்பீக்கர் ஒயர் ஒன்று வாங்கப் போனோம். அவர் சும்மா இருக்காமல், "கார்டு வந்துச்சாம்மா?" என்று கேட்டார். வரவில்லை என்றாள் உம்மா.

"அப்பிடியா? ஒங்க நாத்தனா மவன் ஒண்ணு கொண்டாந்தானே, நான்தான் மாட்டிக் குடுத்தேன். அருமையான கார்டு. ஆனா என்ன எளவோ, பால்கோவா மாதிரி மணக்குது. நான் ப்ரஷ் போட்டுத் தொடச்சா வெள்ள வெள்ளையா உதுருது. என்னலே, இதைத் தின்னுக்கிட்டே கொண்டாந்தியான்னு கேட்டேன்."

கடையை விட்டு இறங்கி நான் குத்தாலம் பஸ் நிற்கிற பக்கம் ஓடினேன். உம்மா பின்னாலேயே, "ஏட்டி, நில்லுட்டி, ஏட்டி" என்று வந்தாள். பஸ்ஸுக்குள்ளும் என் கையை விடவில்லை. "அங்கன போயி வாயத் தொறந்தேன்னா தொலிய உரிச்சிருவேன். பாத்துட்டு வந்துருவோம், அவ்வளவுதான்" என்றாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவர்கள் அள்ளிப் போட்டுக்கொண்ட கதையைத்தான் பார்க்க வேண்டும்.

மாமி வீட்டுக்குள் நுழையும்போதே பார்த்துவிட்டேன். மாமி மகன் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். மரம். அத்தனை மரம். இலை தனித்தனியாகத் தெரிந்தது. நனைந்த ரோட்டில் காரின் சிவப்பு விளக்கு விழுந்து நீளமாகக் கிடந்தது. வளைவில் ரோடு இருந்தது! இத்தனை நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய பாதை இப்படித்தான் இருந்திருக்கிறது.

"அது என் கார்டு" என்றேன்.

அவன் திரும்பவே இல்லை. "ஏட்டி, போ, பால் டின்னுல கெடந்துச்சு. எங்க டின்னு."

மாமி தேநீர்த் தட்டோடு வந்தாள். மாடியில் இருந்த சீசன்காரர்களுக்குத் தேநீர் போடத்தான் அந்த டின்னைத் திறந்தாளாம். கரண்டி எதிலோ தட்டிப் பாலிதீன் கிழிந்ததாம். "ஜின்னு கின்னு வந்து கெடக்கோன்னு பயந்தே போயிட்டேன்" என்று சிரித்தாள். பிறகு என் கன்னத்தைக் கிள்ளி, "என் கார்டு ஒன் கார்டுன்னு என்னட்டி பிரிச்சுப் பேசுதே? நாளைக்கு இவனைக் கட்டிக்கிட்டு இந்த வீட்டை ஆளப்போறவ நீதான? இங்கன இருந்தா ஒன் வீட்டுல இருக்க மாதிரிதான்" என்றாள்.

மாமாவைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இருந்த ஒரே ஒரு பொருளைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாக அந்தத் தடியனையும் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். இன்றைக்கு இதை எழுதும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நான் கத்தினேன். உம்மா தொடையில் கிள்ளியது உறைக்கவில்லை. "வாப்பா எனக்குத்தான் அனுப்புனாங்க! ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சாங்க! செவப்பு டேப்பு வாப்பா ஒட்டுனது!"

சிரிப்பு நின்றுவிட்டது.

மாமா அதுவரை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெதுவாக நிமிர்ந்தார். "ஒளிச்சா?" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை, உம்மாவைப் பார்த்தார். "எனக்குத் தெரியாம, என் பெட்டியிலயா?"

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சின்னப்பிள்ள, என்னமோ ஒளறுதா மச்சான்" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"கேட்டுருவோமே" என்று மாமா போனை எடுத்தார். மணி அடித்தது. வாப்பா எடுத்தார். மாமா போனைத் தேநீர்த் தட்டுப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! இதோ வாப்பா வந்துவிட்டார். இனி இவர்கள் முகம் எங்கே போய் விழுகிறதென்று பார்ப்போம். மாமா பேசுவதற்குள் நான் போனிடம் குனிந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கார்டு, டின், டேப், திருட்டு, எல்லாம். "சொல்லுங்க வாப்பா, அது எனக்குன்னு சொல்லுங்க."

"ஸ்பீக்கர்ல இருக்கு மாப்ள" என்றார் மாமா. "இங்க எல்லாரும் இருக்கோம். சொல்லு."

கொஞ்ச நேரம் அங்கே ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு வாப்பா சிரித்தார்.

"இவ ஒருத்தி. அது மருமவனுக்கு அனுப்புனது மச்சான். ஒங்களுக்கே தெரியாம வந்து எறங்கட்டும், பிரிக்கயில அவன் மொகத்தைப் பாக்கணும்னுதான் டின்னுல போட்டேன். இவளுக்கு எதுக்கு கார்டு? பொம்பளப் பிள்ள. நல்லா ஓடுதாலே மருமவனே?"

"சூப்பரா ஓடுது மாமா" என்றான் அந்தத் தடியன்.

நான் அந்த இடத்தை விட்டு எழுந்து வெளியே போய்ச் சாரலில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினேன். அந்த வருஷம் முழுக்க வாப்பாவிடம் பேசவில்லை. உம்மா போனைக் காதில் வைத்து அழுத்தினாலும் வாயைத் திறக்க மாட்டேன். அவர் அந்தப் பக்கத்திலிருந்து, சாப்பிட்டியா, பள்ளிக்கூடம் போனியா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இக்காமா புதுப்பித்தாயிற்று என்று உம்மா பிறகு ஒருநாள் நன்றிக்குச் சர்க்கரை வைத்துப் பாத்திஹா ஓதினாள். அந்தச் சர்க்கரையையும் நான் வாங்கவில்லை.

கோபம் இன்னும் இருக்கிறது. பொய் சொல்லமாட்டேன். அது அந்தத் தடியனை விட்டு, மாமியை விட்டு, வாப்பாவையும் விட்டு இறங்கி வேறெங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மனிதன் தன் பிள்ளைக்கு ஒரு சாமான் வாங்கிக்கொடுக்க அதைப் பவுடருக்குள் புதைக்க வேண்டியிருக்கிறதே, அந்த இடத்தில்.

அன்றைக்கு வாப்பா சிரித்த சிரிப்பு ரொம்ப நீளம். தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி, சிரிக்க ஒன்றுமில்லாத இடத்திலும் போய்க்கொண்டே இருந்தது. அறையில் யாரும் கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மாமா தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சரியான ஆளுலே நீ" என்று லேசாகச் சிரித்தார். அதற்கப்புறம்தான் வாப்பா சிரிப்பை நிறுத்தினார்.

அது எனக்கு நன்றாகவே கேட்டது. கேட்டது என்னவென்று மட்டும் அப்போது தெரியவில்லை.