நம்பர் பிளேட்டுக்கு ஒரு நேர்த்தி

பிள்ளையாரின் அடியவர்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கோயில் மலரில் எனக்கு முன்னால் எழுதியவர்களுக்கு நோய் வருத்தம் மாறியிருக்கிறது, தொலைந்த மாடு பட்டிக்குத் திரும்பியிருக்கிறது, ஒருவருக்குக் கனடா விசாவே கிடைத்திருக்கிறது. நான் எழுத வந்தது இரண்டு துண்டுத் தகரத்தைப் பற்றி. சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடியுங்கள். இனி நான் கோபப்படப் போகிறேன்.

எங்கள் வீடு விசுவமடுவில், பெரிய றோட்டிலிருந்து விலகி வயல் பக்கமாக இருக்கிறது. மாரி தொடங்கினால் எங்கள் ஒழுங்கைக்குள் ஓட்டோக்காரர் வரமாட்டார்கள். கூப்பிட்டால் போனையும் எடுக்கமாட்டார்கள். என் ஒரே மகள் துளசிக்குக் கலியாணமாகிப் பல வருடமாகப் பிள்ளையில்லை. இரண்டு தரம் உண்டாகி இரண்டு தரமும் தங்கவில்லை. மூன்றாம் தரம் தங்கியபோது கிளினிக்கில் டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டா.

"வயித்து நோ தொடங்கினவுடன கொண்டு வந்திடுங்கோ ஐயா. பிந்தினால் தாய்க்கும் கூடாது, பிள்ளைக்கும் கூடாது."

மருமகன் கட்டாரில் வேலை. கொண்டுபோக வேண்டிய ஆள் நான்தான். சுவிஸில் இருக்கும் என் மைத்துனன் இதைக் கேள்விப்பட்டதும், தன் சகோதரி மகளுக்காக ஒரு புதுக்காரே எடுத்துத் தந்துவிட்டான். நல்ல மனுசன். ஆனால் யாருடைய கையில் கொடுக்கிறோம் என்று யோசிக்கவில்லை. அதுவரை நான் ஓட்டிய பெரிய வாகனம் உழவு மெசின். காரையும் அப்படியே ஓட்டினேன். முதல் நாளே மனைவி சரோ பின்சீற்றில் இருந்து சொன்னாள்: "இஞ்சருங்கோ, இது றோட்டு. வரம்பில்லை."

சரி, கார் வந்தது. பிளேட் வரவில்லை.

நம்பர் போட்டாகிவிட்டதாம். அதைத் தகட்டில் அடித்துத் தர வேண்டியதுதான் மிச்சமாம். பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டோம், பிள்ளையைப் பிறகு தருகிறோம் என்பது போன்ற கதை. கொழும்பில் வாகனம் பதியும் கந்தோருக்குப் போன் எடுத்தால் ஒரு பாட்டுப் போடுவார்கள். அந்தப் பாட்டை இப்போது நான் வயலுக்குள் நின்று முழுதாக முணுமுணுப்பேன். பாட்டு முடிந்து ஒருவர் கதைத்தால், அடுத்த கிழமை என்பார். எந்தக் கிழமைக்கு அடுத்தது என்று கேட்டேன். வைத்துவிட்டார். பஸ் ஏறி நேரிலும் போனேன். ஒரு யன்னலில் நின்றவர் மற்ற யன்னலுக்கு அனுப்பினார். அந்த யன்னலில் இருந்தவ திரும்பவும் இந்த யன்னலைக் காட்டினா. கோயிலில் பிரகாரம் சுற்றினாலாவது புண்ணியம் கிடைக்கும்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்ல? நான் உழுது, விதைத்து, அந்த நெல் முளைத்து, கதிர் உள்ளுக்குள் திரளும் குடலைப் பருவத்துக்கும் வந்துவிட்டது. நெல்லுக்கு மழை வேண்டும், வெயில் வேண்டும், பன்றி வராமல் இருக்க வேண்டும். ஒரு தகரத்துக்கு என்ன வேண்டும்? ஒரு அச்சும் ஒரு மனுசனும். அதற்கு ஏலாத நாட்டில், என் மகளை எந்த நம்பிக்கையில் வண்டியில் ஏற்றுவது?

ஆவணிச் சதுர்த்தியன்று நம் பிள்ளையார் முன்னால் போய் நின்றேன். கும்பிடப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் சண்டைக்குப் போனேன். எல்லோருக்கும் முதல் நீ என்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் கடைசி என்று கேட்டேன். கோபத்திலேயே ஒரு நேர்த்தியும் வைத்தேன்: பிளேட் வரும்வரை முகத்தில் கத்தி படாது. வந்த அன்று உன் சந்நிதியில் வைத்துத் தாடியை இறக்குவேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சரோ குசினி அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நோய்க்கு வைப்பார்கள், பிள்ளை வரத்துக்கு வைப்பார்கள், தகரத்துக்கு நேர்த்தி வைத்த முதல் ஆள் நீங்கள்தான் என்றாள். துளசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என்னைச் சிரிக்கப் பண்ணாதேங்கோ, உள்ளுக்கை உதைக்குது" என்றாள்.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. நம்பரில்லாத கார் ஒன்று வன்னி றோட்டில் போனால் மறிப்பார்கள். அதற்குள் தாடி வைத்த ஒருவன் இருந்தால்? நாலு பேர் சேர்ந்து மறிப்பார்கள். நேர்த்தி வைக்கிறவன் கொஞ்சம் யோசித்து மொட்டை என்று சொல்லியிருக்கலாம். மொட்டையை நிம்மதியாக ஒரே நாளில் முடித்திருக்கலாம்.

கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் தர்மபுரம் தாண்டுவதற்குள் மறிப்பார்கள். வழமையாக மறிப்பவர் ஒரு சிங்களப் பொலிஸ் சார்ஜன். பெரிய மீசை, கொஞ்சம் தமிழ். கடதாசிகளைப் பார்ப்பார், பிறகு லைசென்ஸைப் பார்ப்பார். அதில் நான் மழித்த முகத்தோடு மாப்பிள்ளை மாதிரி இருப்பேன். பிறகு என்னைப் பார்ப்பார்.

"ஐயா, நம்பரும் இல்லை. முகமும் இல்லை. எப்பிடி விடுறது?"

அவருக்கு நேர்த்திக் கதையைச் சொன்னேன். கதிர்காமத்துக்குத் தன் அம்மாவும் இப்படி ஏதோ வைத்தவ என்றார். அன்றைக்கு விட்டார். அடுத்த தரமும் மறித்தார், சிரித்தார், விட்டார். பிறகு பிறகு என் தாடி வளர்ந்த அளவைக் கேட்பதற்காகவே மறித்தார் என்று நினைக்கிறேன். எனக்கோ அவமானம். நம்பரைக் கடதாசியில் எழுதி ஒட்டினேன், மழையில் கரைந்தது. ஒரு தகர மூடியில் பெயின்றால் எழுதிக் கட்டினேன். என் எழுத்தைப் பார்த்த சார்ஜன், இது இன்னொரு குற்றம், கழற்றுங்கள் என்றார். கழற்றினேன். பிள்ளையாரோடு கதைப்பதையும் நிறுத்தினேன். கோயிலடியால் போகும்போது தலையை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். அவர் என் பின்தலையைத்தான் பார்த்திருப்பார்.

கார்த்திகை விளக்கீடு கழிந்து சில நாளில் பெருமழை. குளத்துக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று கதை வந்தது. மத்தியானம் சாப்பிடும் நேரம் துளசி கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. நாள் குறித்ததற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. அம்புலன்ஸுக்கு எடுத்தோம். இந்தப் பக்கத்தில் நின்றது வேறொரு ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம், மற்றது வெள்ளம் சுற்றி வர வேண்டுமாம். சரோவும் நானும் அவளைக் காரில் ஏற்றினோம். அன்றைக்கு நான் ஓட்டியதைச் சரோ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

தர்மபுரத்துக்குக் கிட்டப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போனது. வாகனங்கள் வரிசையாக நின்றன. பொலிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கிழமை நம்பரில்லாத வாகனமொன்றில் மாடு கடத்தியிருக்கிறார்கள். நம்பரில்லாமல் வருவதைப் பிடித்து ஓரமாக நிறுத்தச் சொல்லி உத்தரவாம். எனக்குத் தெரியாத ஒரு இளம் பொலிஸ்காரர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், எஞ்சினை நிறுத்தி இறங்கச் சொல்லிக் கார்த் திறப்பைக் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. பின்சீற்றைக் காட்டினேன். அவர் என் தாடியைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

பின்னால் துளசி கத்தவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

நான் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றேன். அத்தனை நாளும் பார்க்காத முகத்தை அப்போது நினைத்தேன். பிள்ளையாரே, எனக்குப் பிளேட் வேண்டாம். ஒரு காலத்திலும் வேண்டாம். காரையே எடு. இந்தப் பாலத்தைத் தாண்ட ஒரு வழி விடு. சண்டையில்லாமல் நான் கேட்ட முதல் பிரார்த்தனை அது.

பாலம் முடியும் மற்றத் தொங்கலில், முழங்கால் தண்ணீரில் நின்று வாகனங்களுக்கு வழிகாட்டிய ஒருவர் திரும்பிப் பார்த்தார். மழைக்கோட்டுத் தொப்பிக்குள் அந்த மீசை. அவ்வளவு தூரத்தில், அந்த மழையில், கார்க் கண்ணாடிகூடத் தெரியாது. தெரிந்தது நனைந்து நாடிக்குக் கீழே தொங்கிய என் தாடி. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்சீற்றைப் பார்த்தார். இளம் பொலிஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு திறப்பு வைத்திருந்த என் கையைப் பிடித்து என்னைக் காருக்குள் தள்ளினார்.

"நம்பர் வேணாம். முகம் இருக்கு. என் பின்னால வாங்க."

வரிசையை விலக்கி, பாலத்தின் விளிம்பு எங்கே என்று தடியால் தட்டித் தட்டி அவர் முன்னால் நடந்தார். நான் உழவு மெசின் ஓட்டுகிறவன். சேற்றிலும் தண்ணீரிலும் ஓட்ட எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. மற்றக் கரையில் அவர் வோக்கிடோக்கியில் சொல்லி வைத்ததால் பரந்தன் தாண்டிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிவரை ஒருவரும் மறிக்கவில்லை. வாசலில் தள்ளுகட்டிலோடு நின்றார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் இரண்டு பேரையும் இழந்திருப்பீர்கள் என்று பிறகு டாக்டர் சொன்னார். பேத்தி சிறியவள், ஆனால் பெரிய சத்தம்.

ஆஸ்பத்திரி நீள வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் பிளேட் கேட்டேன். பிள்ளையார் அதை ஆவணியிலேயே தந்துவிட்டார். காரில் பூட்டாமல் என் முகத்தில் பூட்டிவிட்டார். எத்தனை தரம் மறித்தார்கள் என்று நான் கொதித்தேனோ, அத்தனை தரமும் அந்த மனுசனின் கண்ணில் என் தாடியைப் பதிய வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன நாட்களிலும்.

உண்மையான பிளேட் தைப்பூசத்துக்குப் பிறகு வந்தது. ஒரு மூலை வளைந்திருந்தது. சந்நிதியில் வைத்துத் தாடியை இறக்கிவிட்டு வந்து பேத்தியைத் தூக்கினேன். யாரோ புது ஆள் என்று வீரிட்டாள்.

போன மாதம் அதே பாலத்தடியில் சார்ஜன் மறித்தார். பிளேட்டைப் பார்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். எல்லாம் ஒத்திருந்தது. போங்க என்று கையைக் காட்டினார். ஆளை அடையாளம் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், நான்தான் தாடி ஐயா."

குனிந்து பார்த்தார். என்னை அல்ல, பின்சீற்றை. துளசியின் மடியில் பிள்ளை நித்திரை. ஒரு விரலால் அதன் பாதத்தைத் தொட்டுவிட்டு, "இது நல்ல நம்பர்" என்றார்.

அடியவர்களே, எனக்குக் கந்தோர் மேல் உள்ள கோபம் ஆறவில்லை, ஆறவும் கூடாது. அடுத்தவன் மகளுக்கு அந்தச் சார்ஜன் நிற்பார் என்று யார் சொல்வது? வாரத்துக்கு ஒரு தரம் போன் எடுத்து, பிளேட் கிடைக்காத மற்றவர்களுக்காகச் சத்தம் போடுகிறேன். அந்தப் பாட்டை மாற்றிவிட்டார்கள், இப்போது புதுப் பாட்டுப் பாடமாகிறது. ஆனால் பிள்ளையாரோடு சண்டையில்லை. விடிய எழும்பிப் போய்க் கும்பிடுகிறேன். இதைத் தா, அதைத் தா என்று கேட்பதில்லை, வழியை மட்டும் கேட்கிறேன். உங்களுக்கும் கேட்டது கிடைக்காமல் கொதிக்கும் நாள் வரும். கொதியுங்கள். சண்டையும் பிடியுங்கள், அவருக்குப் பெரிய காது. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு போகாதீர்கள்.

நேர்த்தி வைக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து வையுங்கள். தாடி சொறிந்து மாளாது, சரியான கடி.