புடலங்காய்க்குக் கட்டிய கல்

விடியற்காலை மழையைத் திட்டுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். முசிறிக்கு வடக்கே, காவிரித் தண்ணீர் எட்டிப் பார்க்காத மேட்டுக்காட்டில் பிறந்தவள் நான். எங்களுக்கு எந்த நேரத்தில் பெய்தாலும் மழை நல்ல மழைதான். கல்யாணமாகிக் கப்பலேறி, மலாக்காவில் புலாவ் செபாங் ஸ்டேஷனுக்கு உள்ளே தள்ளியிருக்கும் இந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த முதல் வாரம், இருட்டுப் பிரியும் முன்பே தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டது. வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் நீட்டி, "மகராசி வந்துட்டா" என்றேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரும் என்னை முறைத்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் கோப்பி மங்குக் கோப்பையோடு நின்ற ஒருத்தி, "யாருக்கா அது, இன்னைக்குக் கூலி போச்சுன்னு கூத்தாடறது?" என்றாள். அவள்தான் அஞ்சலை.

காரணத்தை அவளே பிறகு சொன்னாள். பட்டை நனைந்திருந்தால் மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் ரப்பர்ப் பால் வெட்டின கோட்டில் நிற்காமல் தண்ணீரோடு வழிந்து போய்விடும். வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் இங்கே எழுந்ததும் யாரும் சாமி படத்தைத் தேடுவதில்லை, வானத்தைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டட்டும், அது கொல்லைச் செடிகளுக்கு. ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளையாட்டாகத் தோன்றும். எனக்கு இது பழகவே இரண்டு வருஷம் பிடித்தது. இதை எழுதும்போது எங்கள் தோட்டத்து வாத்தியார் பிழை பார்த்துக் கொடுத்தார். பிழையை மட்டும்தான் திருத்தவிட்டேன், என் பேச்சில் அவர் கை வைக்க விடவில்லை.

அஞ்சலை இங்கேயே பிறந்தவள். இதே தோட்டத்தில் அவள் தாய் பால் வாளி தூக்கியிருக்கிறாள். அவள் புருஷன் கோவிந்தன் மூன்று வயதில் அப்பன் தோளில் கப்பலேறி வந்தவன். திருச்சி ஜில்லா என்பதைத் தவிர தன் ஊரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்பன் செத்த பிறகு சொல்லவும் ஆள் இல்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கோவிந்தன் புடலங்கொடி வைத்திருந்தான். பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய செல்லத்தையெல்லாம் அந்தக் கொடிக்குக் கொடுக்கிறான் என்று நாங்கள் கேலி செய்வோம். அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

வெள்ளைக்காரன் இங்கே எமெர்ஜென்சி என்று அவசரச் சட்டம் போட்டபின் காலைப்பொழுதே மாறிப்போனது. சர்க்காரை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு நாங்கள் சோறு கொடுக்கிறோம் என்று சந்தேகம். சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து எல்லாரையும் ஒரே இடத்தில் நெருக்கி வைத்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். பழைய லயத்துக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த கொல்லைகள் கம்பிக்கு வெளியே போயின. மரவள்ளியை வேரோடு பிடுங்கிப் போடச் சொன்னார்கள், போட்டோம். ஊரடங்கு முடிந்து வாசல் திறக்கிறவரைக்கும் வெளியே கால் வைக்கக்கூடாது. வாசலில் ஒவ்வொருத்தர் மடியையும் உதறிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பருக்கைச் சோறு வெளியே போகக்கூடாது. வெறும் வயிற்றோடு வெட்டப் போய், மத்தியானம் திரும்பி வந்துதான் சாப்பாடு. கடலோரத்தில் தஞ்சோங் கிளிங் பக்கம் இதையெல்லாம் எடுத்துவிட்டார்களாம். காட்டை ஒட்டி இருக்கிற எங்களுக்கு இன்னும் விடிவு வரவில்லை.

அந்தச் சோதனை வரிசையில் நிற்கிற நேரம்தான் எனக்கும் அஞ்சலைக்கும் பேச்சு நேரம். ரகசியமெல்லாம் ஒன்றும் கிடையாது. "மேக்கால கறுத்திருக்கே, வெட்டு இருக்குமாக்கா?" என்பாள். "பேயாது, காத்து அடிக்குது பாரு" என்பேன். பிறகு கொல்லைப் பேச்சு. கம்பிக்குள்ளே ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு மண் மிஞ்சியிருந்தது. நான் கீரை போட்டிருந்தேன். கோவிந்தன் வீடு கடைசி வீடு, கம்பியை ஒட்டினாற்போல். கம்பியில் கொடி படரவிடக் கூடாது என்று உத்தரவு. அதனால் ஓர் எட்டு தள்ளிப் பந்தல் போட்டுப் புடலையை ஏற்றினான். காய் இறங்க ஆரம்பித்ததும் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னக் கல்லைத் துணிக்கிழிசலால் கட்டித் தொங்கவிட்டான். ஊரில் நாமும் செய்வதுதானே? கல் கட்டாவிட்டால் காய் சுருட்டிக்கொண்டு வளரும். அஞ்சலையின் பழைய சிவப்புச் சேலையிலிருந்துதான் கிழிசல் எடுத்தான்.

"நம்ம கொல்லையில மூணு காய் நேரா எறங்கியிருக்குக்கா. ஒண்ணு மட்டும் அடம் புடிக்குது, கல்ல மாத்தணும்னு காலையிலேயே எந்திரிச்சிட்டாரு."

"நறுக்கிப் பொரியல் வெக்கிற காய்க்கு இம்புட்டு சிங்காரமா? எம்புருசனுக்கு நான் எப்படியிருக்கேன்னே தெரியாது."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சோதனை செய்கிற பெண் எங்களை அதட்டுவாள். அந்த நாட்களில் இந்தத் தோட்டத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றால் அது இந்தப் பேச்சால்தான். அதை இன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் வெட்டப் போனபோது ஒரு நிரை முழுக்க மரங்களின் பட்டையை யாரோ கொத்திச் சிதைத்துப் போட்டிருந்தார்கள். காட்டாட்கள் வேலை என்றார்கள். அதன் பிறகு ரோந்து அதிகமானது. கம்பிக்கு வெளியே சுற்றி வந்த ரோந்துக்காரர்கள் கோவிந்தன் பந்தலைத் தினமும் பார்த்திருக்கிறார்கள். ஒரு நாள் நாலு கல் தொங்குகிறது, மறுநாள் மூன்று. ஒரு கல் நேற்றைவிட இன்று தாழ இறங்கியிருக்கிறது. எல்லாம் சிவப்புத் துணியில் கட்டியது, எல்லாம் காட்டைப் பார்த்துத் தொங்குகிறது. காய் வளர்ந்தால் கல் இறங்கும், காயைப் பறித்தால் கல் குறையும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? உள்ளே எத்தனை பட்டாளம் இருக்கிறது, வாசலில் எத்தனை பேர் காவல் என்று காட்டுக்குச் சேதி சொல்கிறான் என முடிவு கட்டிவிட்டார்கள். காலைப் பெரட்டில், எல்லாரும் பேர் கொடுக்க நிற்கிற களத்திலேயே, கோவிந்தனைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். அவன் கையில் பால் வாளி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அஞ்சலையைப் பார்த்தான். அவள் போய் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஓர் இளம் வெள்ளைக்கார அதிகாரி விசாரிக்க வந்தார். அஞ்சலையை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கூடப் போக யாரும் துணியவில்லை, நான் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. பந்தலிலிருந்து கல் கட்டிய நேர்க்காய் ஒன்றும், கல் கட்ட ஆளில்லாமல் சுருண்டது ஒன்றும் பறித்துக்கொண்டு போனேன். கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டையும் மேசைமேல் வைத்து, "இது கல்லு கட்டினது, இது கட்டாதது. பாருங்க தொரை, இவ்ளோதான் விசயம்" என்றேன். எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி இரண்டு காயையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்.

கிராணி எங்களிடம் சொன்னார்: "எப்படியும் நறுக்கிச் சமைக்கத்தானே போறீங்க, காய் நேரா இருந்தா என்ன, வளைஞ்சிருந்தா என்னன்னு கேக்கறாரு."

நானே கேலியாகக் கேட்ட கேள்விதான் அது. அஞ்சலை தலையைக் குனிந்தபடி, "வளைஞ்சு கெடந்தா பாக்க நல்லா இருக்காதுங்களே" என்றாள்.

கிராணி தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "யாரு பாக்கறதுக்கு?" என்று கேட்டாராம்.

"எல்லாருந்தான் பாக்கட்டுமே" என்றாள் அவள்.

அந்தப் பாவி மகளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும்? புருஷன் வளர்த்த காயை நாலு பேர் பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது. எல்லாரும் பார்க்கத்தான் தொங்கவிட்டது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சோறு இல்லாம வேலைக்கு அனுப்பறீங்க, கம்பிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கீங்க, ஒரு புடலங்காய அழகா வெச்சுக்கக் கூடாதா?" என்று கத்தினேன். கிராணி அதை மொழிபெயர்க்கவில்லை. "பேசாம போம்மா, உன்னையும் ஏத்திருவாங்க" என்று தமிழிலேயே சொல்லி எங்களை வெளியே அனுப்பிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே பந்தலைப் பிரித்துப் போட்டார்கள்.

கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை. பல மாதம் அவனைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் கிராணி வந்து சேதி சொன்னார்: இங்கே பிறக்காதவன் என்பதால் கோவிந்தனை அவன் நாட்டுக்கே கப்பலேற்றப் போகிறார்கள். அஞ்சலை இங்கே பிறந்தவள், இருந்தால் இருக்கலாம், போனால் போகலாம். போவதென்றால் இந்த மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அவன் நாடாம். மூன்று வயதில் தோளில் தூங்கிக்கொண்டு வந்தவனுக்கு அது எந்த நாடு?

மறுநாள் சோதனை வரிசையில் அஞ்சலை வானத்தையே பார்த்துக்கொண்டு, "அங்க மழ எப்படிக்கா?" என்றாள்.

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. "ஐப்பசி, கார்த்திகையில பெய்யும். மத்த நாள்ல எப்பவாச்சும் ஒரு தூத்தல். தை பொறந்தா நாலு மாசத்துக்கு ஒரு சொட்டு இருக்காது" என்றேன்.

"நாலு மாசமா? அப்ப செடிக்கு?"

"கெணத்துல எறைச்சு ஊத்தணும். கோடையில கெணறே தரை தட்டிரும்."

"மண்ணு?"

"செம்மண்ணு. கல்லு நெறைய."

கல் என்றதும் இருவருக்கும் அந்தப் பந்தல் நினைவு வந்தது. அவள் மெதுவாக, "அவருக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாதேக்கா. கப்பல்லேருந்து எறங்கி எந்தப் பக்கம் திரும்பறதுன்னு கூடத் தெரியாது. தனியா என்ன பண்ணுவாரு?" என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் போகப்போகிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு ஆசை. இவள் போய்விட்டால் இந்தத் தோட்டத்தில் எனக்கு யார் இருக்கிறார்கள்? புருஷன் நல்லவர்தான், ஆனால் பேச மாட்டார். இருந்தாலும் எந்த வாயால் நான் போகாதே என்பேன்? "எங்க ஊட்டுக்குப் போங்க" என்றேன். "முசிறியில பஸ்ஸு எறங்கி எங்கப்பன் பேரச் சொன்னா யாரும் கொண்டுபோய் விடுவாங்க. அப்பன் இல்ல, அம்மா மட்டுந்தான் கெடக்கு. கண்ணு சரியா தெரியாது. ஒத்தாசையா இருங்க. உங்க பொண்ணு பாவாயி சொன்னான்னு சொல்லு."

புலாவ் செபாங் ஸ்டேஷனுக்கு நான் வழியனுப்பப் போனேன். அதற்கே தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. துறைமுகத்தில்தான் கோவிந்தனோடு சேர்ப்பார்களாம். ஒரு தகரப்பெட்டி, ஒரு மூட்டை, அவ்வளவுதான் அவள் சொத்து. மேடையில் நின்ற மலாய்க் கான்ஸ்டபிள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இந்தியாவுக்குத் திரும்பிப் போவது யார் என்று மலாயில் கேட்டார். ஊரிலிருந்து வந்தவள் என்று என் முகத்திலேயே எழுதியிருக்கிறதோ என்னவோ, என் பக்கம்தான் கையை நீட்டினார். "நான்தான்" என்று அஞ்சலை மலாயில் சொன்னாள். எவ்வளவு சுத்தமான மலாய் அவளுடையது. இவ்வளவு மலாய் பேசுகிறவள் எப்படி இந்தியாவுக்கு என்று கான்ஸ்டபிளுக்குப் புரியவில்லை. உன் ஊர் எது என்று கேட்டார். அவள் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அவளை ரயிலில் ஏற்றினார், என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். என் ஊருக்கு ரயிலேறியவளை விட்டுவிட்டு, நான் அவள் ஊருக்கு லாரியேறித் திரும்பினேன். வழியெல்லாம் அழுதேன். அவளுக்காக அழுதேனா, என் அம்மாவைப் பார்க்கப் போவது நான் இல்லையே என்று அழுதேனா, எனக்குத் தெரியாது.

இதெல்லாம் நடந்து சில வருஷமாகிறது. போன மாதம் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் ஊருக்குப் போய்விட்டு வந்தார். அவர் ஊரும் முசிறிப் பக்கம்தான். என் வீட்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் நல்லா இருக்காங்கம்மா. கோவிந்தன் கெணத்து வேலைக்குப் போறான். உங்கம்மாவுக்குத்தான் இப்ப கண்ணு சுத்தமா தெரியல. அஞ்சலையத் தடவித் தடவிப் பாத்துட்டு 'பாவாயி, பாவாயி'ன்னுதான் கூப்புடுது. அவளும் 'ஏம்மா'ன்னு ஓடி வரா. நீ பாவாயி இல்லன்னு சொல்லிப்புட வேண்டியதுதானேன்னு கேட்டேன். 'ஒருதரம் சொன்னேண்ணே. அன்னைக்கெல்லாம் சாப்புடாம அழுதுச்சு. அப்புறம் நான் சொல்லல'ன்னா."

நல்லதுதானே. பெற்றவளுக்குக் கடைசிக் காலத்தில் மகள் பக்கத்தில் இருக்கிறாள், அவள் கையால் கஞ்சி குடிக்கிறாள். அஞ்சலைக்கும் ஒரு தாய் கிடைத்திருக்கிறாள். இப்படியெல்லாம் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டு படுத்தேன், தூக்கம் வரவில்லை. விடிந்ததும் மடியை உதறிக் காட்டிவிட்டுப் பெரட்டுக் களத்தில் போய் நின்றேன். கிராணி பேர் வாசித்துக்கொண்டே வந்தார். "பாவாயி" என்றார். நான் பேசாமல் நின்றேன். என் அம்மா கூப்பிட, அங்கே அவள் ஓடி வருவதுதான் என் கண்ணுக்குள் நின்றது. "பாவாயி, வந்திருக்கியா இல்லையா?" என்று கிராணி மறுபடி சத்தம் போட்டார். பக்கத்தில் நின்றவள் என் விலாவில் இடித்தாள்.

"இருக்கேங்க" என்றேன்.