பூட்டுக்குட்டிக்குச் சோறூட்டிய சின்னம்மா

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால்தான் எங்கள் தேவாலயச் சபையார் வெளிநாட்டில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு ஊழியப் பயணம் கிளம்பியபோது மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. சமையலறை ஒத்தாசைக்கு என் சின்னம்மா வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா. எப்பேர்ப்பட்ட அடங்காப் பிள்ளையையும் தட்டைக் காலி பண்ண வைத்துவிடுவாள் என்று எங்கள் தெருவில் பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போய் இறங்கிய அன்றே காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா ஒன்றைச் சொன்னார். சுவருக்கு வண்ணம் அடியுங்கள், துணி துவையுங்கள், பிள்ளைகளோடு விளையாடுங்கள். ஊட்டுவது மட்டும் எங்கள் வேலை. அப்படியே தமிழில் சொன்னேன். சின்னம்மா சிரித்துக்கொண்டாள். வந்தவர்களை வேலை வாங்கக் கூடாதென்று உபசாரத்துக்குச் சொல்கிறார்கள், அதற்காக நாமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்பது அவள் எண்ணம்.

அங்கே மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. தட்டைக் கண்டதும் உதட்டை இறுக்கிக்கொள்ளும். ‘பூட்டுக்குட்டி’ என்று சின்னம்மா பெயர் வைத்தாள். இடுப்பில் தூக்கி வைத்து, தெருவில் போகிற வண்டியையெல்லாம் காட்டிக்காட்டி, மசித்த உருளைக்கிழங்கை வாய் வாயாக உள்ளே தள்ளினாள். தட்டு காலி. அடுத்த நாளும் காலி. எங்கள் குழுவே கை தட்டியது.

வார நடுவில் பொறுப்பாளர் அம்மா எங்கள் இருவரையும் துணி துவைக்கும் அறையில் வந்து பிடித்தார். நீளமாகப் பேசினார். நான் சுருக்கி, “கொஞ்சம் வருத்தப்படுறாங்க சின்னம்மா” என்றேன்.

“அவங்க மூஞ்சி அதைவிட நிறையப் பேசுச்சே. முழுசாச் சொல்லு. இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?”

அவர் பேசியதை முழுசாகச் சொன்னேன். “நீங்க வர்றதுக்கு முன்னாடி என் கையில அரைத் தட்டாவது சாப்பிட்டா. அதுக்கே மாசக்கணக்காச்சு. இப்ப என்னைப் பார்த்தாலே வாயை மூடிக்கிறா. சனிக்கிழமை நீங்க விமானம் ஏறிடுவீங்க. அப்புறம் அவளுக்கு யாரு ஊட்டுறது?”

சின்னம்மாவின் முகம் வாடிவிட்டது. மாலை ஜெபத்தில் போதகர், இந்தக் காரியத்தைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுப்போம் என்றார்.

“ஒப்புக்கொடுப்போம் ஐயா. ஆனா அவளுக்குக் காலையில பசிக்குமே” என்றாள் சின்னம்மா.

மறுநாள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பொறுப்பாளர் அம்மாவை எதிரே உட்காரவைத்து, தனக்கு ஊட்டச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான்தான் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். பேரன் எடுத்த சின்னம்மா ‘ஆ’வென்று வாயைத் திறக்க, அவர் ஒரு கரண்டி ஊட்டினார். மென்று, தலையாட்டி, இன்னொரு வாய் கேட்டாள். வண்ணம் அடிக்க வந்தவர்கள் வாசலில் கூடி, அக்காவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை போல என்று கேலி பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழந்தை வேடிக்கை பார்த்தது, அவ்வளவுதான். பால் மட்டும் குடித்தது. தட்டைக் காலி செய்தது சின்னம்மாதான்.

அடுத்த வேளை, சின்னம்மாவை நோக்கி நீண்ட கரண்டியைப் பூட்டுக்குட்டி பாதி வழியில் மறித்துத் தன் வாயில் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து சின்னம்மா குழந்தையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, வேளைக்கு வேளை கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறைப் பக்கமே அவள் போகவில்லை. படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டே, குழந்தை சாப்பிடுகிறதா என்று பார்த்து வர என்னை அனுப்பினாள். பாதித் தட்டு சாப்பிட்டாள் என்று வந்து சொன்னேன்.

“மீதி?”

“அந்த அம்மா மேலயே துப்பிட்டா.”

அவள் கை நின்றது. “என்கிட்ட ஒரு தடவைகூடத் துப்பல. புது ஆளுங்ககிட்டப் பிள்ளைங்க அடக்கமாத்தான் இருக்கும்” என்றாள். விரிப்பின் மறுமுனையை என்னிடம் நீட்டி முறுக்கச் சொன்னாள்.

அன்று சாயங்காலம், மறுநாள் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டில் இருக்கும்போதே கிளம்பிவிடலாமா என்று போதகரிடம் அவளே போய்க் கேட்டாள்.